மூன்றாம் ஓலை

பிறவியா பழக்கமாங்கான். கேட்டுட்டு நிறுத்துதான், நாங்க எல்லாரும் கையத் தூக்கிப் பதில் சொல்லப் போறோம்ங்கிற மாதிரி. சவம், இந்த வெயில்ல கோட்டு வேற. பெங்களூர்ல இருந்து வந்திருக்கானாம், பெரிய படிப்பாம், இந்த ஒரு விஷயத்தப் பத்தியே ஊர் ஊராப் போய்ப் பேசுதானாம். பீடத்துக்கு முன்னால வெள்ளைத் திரையைக் கட்டி, சிலுவையவே மறைச்சு, அதுல ரெண்டு குழந்தைப் படம் போட்டிருக்கான். இரட்டைப் பிள்ளைங்க. ஒரே வயித்துல கிடந்ததுல ஒருத்தன் அப்படி ஒருத்தன் இப்படின்னா அது எப்படிப் பிறவி ஆகும்னு கேக்கான். பின்னால இருந்து ஒரு கிழம் அல்லேலூயாங்குது. எதுக்கு அல்லேலூயா? இங்க இப்ப எவனுக்கு என்ன சுகமாயிட்டு? ஃபேன் சுத்துது, காத்தக் காணோம். செயின் கழுத்துல ஒட்டுது. ஆணும் ஆணும் ஆசைப்படுதது வயித்துல இருந்தே வருதா, வளர்ந்த பிறகு தொத்திக்கிடுதா, ரெண்டு கட்சியையும் அலசிப் பாத்துருவோம்ங்கான். அலசு. நல்லா அலசு. நீ அலசி முடிச்சதும் ஐயர் அறிவிப்பு வாசிப்பார், அறிவிப்புல ஓலை வாசிப்பார், கிப்சனுக்கும் பெனிட்டாவுக்கும் மூணாவது ஓலை. அதுக்குள்ள என் காலு ரெண்டும் என் பேச்சைக் கேக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும். பெருவிரலை அசைச்சுப் பாக்கேன், அசையுது. போதும்.

இந்தக் கோட்டுக்காரனுக்கு ஓலைன்னா தெரியுமோ என்னமோ. பெங்களூர்ல அதுக்கு என்ன பேரோ. இங்க கல்யாணம் நிச்சயமானா மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல பேர் வாசிக்கணும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயம் பண்ணியிருக்கு, தடை தெரிஞ்சவங்க சபையில சொல்லலாம்னு. சொல்லலாமாம்! எங்க ஐயர் இருக்காரே, எங்க ஊர்ல பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம், அவர் தடைங்கிற வார்த்தையச் சொன்ன வாயை மூடாமலே அடுத்ததுக்குப் போயிருவார். தடை தெரிஞ்சவங்க சபையில சொல்லலாம் வருகிற சனிக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம் உண்டு. ஒரே மூச்சு. நடுவுல ஒரு ஊசி போகாது. அவரு மேல மட்டும் குத்தமில்ல, அவருக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னால இருந்தவரும். நான் பாவாடை கட்டுன நாள்ல இருந்து இந்தக் கோயில்ல இருக்கேன், ஒருத்தர் எழும்பி நான் பாத்ததில்ல. எழும்பினா அடுத்தாப்புல என்ன செய்யணும்னு ஐயருக்கே தெரியாது. அந்தப் பக்கத்த அவர் படிச்சிருக்கவே மாட்டார். ஆனா நான் எழும்புவேன். எழும்புறதுன்னா எனக்குப் பழக்கம்தான், கேட்டுக்கோ கோட்டுக்காரா, பழக்கம். முன் பெஞ்சுல, பெண்கள் பக்கத்துல, நடைபாதை ஓரம் உக்காந்திருக்கேனே, கமாலியேல் சார் வீட்டு டீச்சர், நான் எழும்பினா கோயில் எழும்பும். எந்தப் பாட்டுக்கு நிக்கணும் எதுக்கு உக்காரணும்னு பாதிப் பேருக்குத் தெரியாது, என் முதுகைப் பாத்துத்தான் எழும்புவாங்க. ஆர்கன் வாசிக்கிறவரு பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்னு. அந்தா உக்காந்திருக்காங்க எங்க வீட்டு சார், எங்களுக்கெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு. ஆர்கன் மேல ஒரு கண்ணாடி மாட்டியிருக்கு, ஐயர் பீடத்துல என்ன பண்ணுதாருன்னு பாக்குறதுக்கு. அந்தக் கண்ணாடியில நான் தெரிவேன். நெத்தி தெரியும், மூக்குக் கண்ணாடி தெரியும். இப்ப என்னையத்தான் பாக்காங்க. பாக்கட்டும்.

ஹாஸ்டல் வாசம், கெட்ட சிநேகம், செல்போன்ங்கான். இது ஒரு கட்சி. போன வாரம் கோயில் கமிட்டியிலயும் இதே பேச்சுதான், சார் வந்து சொன்னாங்க. ஒருத்தர் கண்ணில்லாமப் பிறக்கலயா காதில்லாமப் பிறக்கலயா அது மாதிரிங்காராம். இன்னொருத்தர் அப்ப கடவுள் தப்பாப் படைச்சாருங்கீறான்னு மேசையத் தட்டுனாராம். வேதத்துல பிறவிக் குருடனக் காட்டி யார் செஞ்ச பாவம்னு கேட்டாங்களே, அப்பவும் அந்தக் குருடன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்திருப்பான், அவன்கிட்ட ஒரு வார்த்தை எவனும் கேக்கல. இப்பவும் அப்படித்தான். பொன்னுத்துரை அண்ணாச்சி, கிப்சனுக்கு அப்பா, வாழைக்காய் மண்டிக்காரர், கமிட்டிச் செயலர், அவரு பழக்கம்ங்கிற கட்சி. மகனைக் கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல போட்டதுதான் தப்பாப் போச்சுன்னு எங்ககிட்ட ரகசியமாச் சொன்னார். என்னமோ ஹாஸ்டல் சாம்பார்ல கலந்து குடுத்த மாதிரி. பழக்கம்னா மாத்திரலாமில்ல, அதான் அவருக்கு அது தோது. அதான் பையனைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தார். வேற வீடே கிடைக்கல அவருக்கு! ‘சார், நீங்க எடுத்துச் சொல்லுங்க, உங்க குடும்பத்தப் பாத்து வளர்ந்த பய’ன்னார். போன் வந்து அவர் முற்றத்துக்குப் போயிட்டார். நான் அடுப்படியில தேயிலைய வடிகட்டிக்கிட்டு நிக்கேன். எங்க வீட்டு சார் குரல் கேக்குது, பாடம் நடத்துற குரல், மெதுவா, நிதானமா. ‘கல்யாணம் பண்ணிக்கப்பா. முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும். எனக்கு ஆகலயா?’ எனக்கு ஆகலயா. எனக்கு ஆகலயா. டம்ளரை எடுத்துக்கிட்டுப் போய் வச்சேன். ஒரு சொட்டுச் சிந்தல. அந்தப் பையன் என் முகத்தப் பாத்தான், நான் அவன் முகத்தப் பாத்தேன், அவனுக்குப் புரிஞ்சிட்டு. அவங்க போனதும் கேட்டேன், ‘எதுங்க சரியாச்சு?’ன்னு. அவ்வளவுதான் கேட்டேன். எழும்பி ஜன்னல் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘உனக்கு நான் என்ன குறை வச்சேன், எப்சி?’

என்ன குறை. ஒரு குறையும் இல்ல. என் சேலைய எல்லாம் இவங்கதான் தேய்ச்சுத் தருவாங்க, மடிப்புக் கலையாம. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுத் தருவாங்க. ஒரு நாள் கை நீட்டினதில்ல, ஒரு வார்த்தை ஏளான்னு சொன்னதில்ல. ஊருல அத்தனை பேரும், எப்சிக்குக் கொடுத்து வச்சிருக்குன்னு. நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னு சொல்லிச் சொல்லியே என்னக் கொன்னுட்டாங்க. கல்யாணமாகி முதல் வருஷம் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள்ளயே சொல்லிட்டாங்க, கட்டில் ஓரத்துல உக்காந்து, கையக் கட்டிக்கிட்டு, ஹெட்மாஸ்டர் முன்னால நிக்கிற பையன் மாதிரி. ‘எனக்குப் பெண்கள் மேல அந்த நினைப்பு வராது எப்சி, சின்ன வயசுல இருந்தே கிடையாது. கல்யாணம் பண்ணினா மாறிரும்னு சொன்னாங்க.’ யாரு சொன்னா? மாமியாருக்குத் தெரியும். அப்ப இருந்த ஐயருக்குத் தெரியும், அவருதான் மருந்து எழுதிக் குடுத்த டாக்டர். இவங்க அண்ணன், பெரியத்தானுக்குத் தெரியும். இதே கோயில்ல எனக்கு மூணு ஓலை வாசிச்சாங்க, மூணு வாரமும் தடை உண்டான்னு கேட்டாங்க, தெரிஞ்சவங்க அத்தனை பேரும் அந்தா அந்தத் தூணுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. மாமியார் தலையில முக்காடு போட்டுக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாங்களாம், ஒருத்தரும் எழும்பிரக் கூடாதுன்னு. அவங்களே ஒரு நாள் வாய்தவறிச் சொன்னது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சொல்லுவாங்க. இங்க ஒரு பொய் கூடச் சொல்லல. சும்மா உக்காந்தே இருந்தாங்க. அதுக்கப்புறம் பிள்ளை இல்ல, பிள்ளை இல்லன்னு அதே மாமியார் என்னைய எத்தன ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க! வயித்துல எண்ணெய் தடவி ஒருத்தன் கத்துதான், கர்ப்பத்தின் கட்டு அறுந்து போகட்டும்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பிசாசு சிரிக்குதுன்னான். வீட்டுக்கு வந்து இவங்ககிட்டச் சொன்னேன், இவங்களும் சிரிச்சாங்க, அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிறுத்திட்டோம். மலடின்னு ஒருத்தி என் காதுபடச் சொன்னா. இவங்க பக்கத்துல நின்னுக்கிட்டுச் செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தாங்க. கேட்டுச்சு இவங்களுக்கு. குனிஞ்ச தலைய நிமித்தவே இல்ல. அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

இப்ப சாட்சி சொல்லுதானாம். திரையில ஒரு குடும்பப் படம், அப்பன் ஆத்தா ரெண்டு பிள்ளைங்க, முகத்த எல்லாம் மங்கலாக்கி வச்சிருக்கான். இவரும் அந்தப் பழக்கத்துல கிடந்தவர்தான், ஜெபிச்சாங்க, விவாகம் நடந்துச்சு, இன்னைக்கு ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்ங்கான். கை தட்டுதாங்க. பொன்னுத்துரை அண்ணாச்சி தட்டுத சத்தம் தனியாக் கேக்குது, வாழைத்தார் இறக்குத கை. அந்தப் பொம்பளைய மேடையேத்துலே! அவ முகத்துல என்ன இருக்குன்னு நாங்க பாக்கோம், மங்கலாக்காமக் காட்டு! பிள்ளை பிறந்தா ஆச்சா? அவ பக்கத்துல படுத்துக்கிட்டு அவன் கூரை மோட்டைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். எங்க வீட்டு மோட்டுல எந்த ஓட்டுல விரிசல்னு எனக்குத் தெரியும். பிறவிங்கிற கட்சிக்காரன் பாவம், பொறுத்துக்கோங்கான். பழக்கம்ங்கிற கட்சிக்காரன், கல்யாணத்தப் பண்ணி வைங்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தி மருந்துப் பாட்டில் மாதிரி நிக்கா, அவளைக் குலுக்கிக் குடிச்சா சரியாயிரும். நோயாளிக்குப் பேர் இருக்கு, நோய்க்குப் பேர் இருக்கு. மருந்துக்கு வாய் எதுக்கு?

இந்த ஆளு இன்னைக்கு இங்க வந்து நிக்கிறதே என்னாலதான். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. முதல் ஓலை வாசிச்ச மறுநாளே ஐயர்கிட்டப் போனேன். யார் பேரையும் கெடுக்கணும்னு போகல. கிப்சனே என்னப் பள்ளிக்கூட வாசல்ல மறிச்சுக்கிட்டு அழுதான், ‘அத்தை, எனக்கு அந்தப் பிள்ளையப் பாத்தா பாவமா இருக்கு. வேண்டாம்னு சொன்னா அப்பா பூச்சி மருந்தை எடுத்து மேசையில வைக்கார். யாராவது நிறுத்துனா நல்லாயிருக்கும்’னு. யாராவதாம். இந்த ஊர்ல யாராவதுன்னா யாரு? ஐயர்கிட்டச் சொன்னேன், பையனுக்கு இஷ்டமில்ல, அவன் மனசு வேற மாதிரி, அந்தப் பிள்ளை வாழ்க்கை நாசமாப் போயிரும், ஓலையை நிறுத்துங்கன்னு. அவர் பேனாவ மூடி மூடித் திறந்தார். ‘அம்மா, அது பிறவியா பழக்கமான்னு பெரிய பெரிய சாஸ்திரிங்களே இன்னும் முடிவுக்கு வரல. ஒரு நல்ல பிரசங்கியாரை அழைக்கேன். சபைக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.’ இதான் அந்தத் தெளிவு. நான் வீடு பத்தி எரியுதுன்னு ஓடுனேன், அவர் நெருப்பு எதனால உண்டாகுதுன்னு சொல்ல ஆள் கூட்டிட்டு வந்திருக்கார். பெனிட்டாகிட்டயே சொல்லிரலாம்னு ரெண்டு தடவை போனேன். ஓலை விழுந்த பிள்ளையத் தனியா விட மாட்டாங்கல்லா, அவ அம்மா கூடவே உக்காந்திருந்தா. ஜாக்கெட் அளவு, பந்தி, நெய்ச்சோறு, இதே பேச்சு. போன் போட்டாலும் அம்மாதான் எடுக்கா. பெனிட்டா என் வகுப்புல படிச்ச பிள்ளை. ஒண்ணாம் வகுப்புல இவ சிலேட்டைப் பக்கத்துப் பையன் எடுத்துட்டான்னா அழ மாட்டா, எழும்பி நின்னு டீச்சர்னு ஒரு சத்தம் போடுவா, ஜன்னல் அதிரும். இப்ப எனக்கு ரெண்டு பெஞ்சு பின்னால அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவுல தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கா. கையில மருதாணி வைக்கதுக்கு இன்னைக்கே ஆள் சொல்லியிருக்காங்களாம்.

எழும்புவேன். எழும்பி என்ன சொல்லுவேன்? தடை இருக்கு ஐயாம்பேன். என்ன தடைம்பார். அங்கதான் நிக்குது, ஒவ்வொரு தடவையும் அங்கதான் வந்து முட்டுது. இந்தப் பையன் இப்படின்னு சொன்னா, நாளைக்கு அவன் இந்தத் தெருவுல நடக்க முடியுமா? அவன் அப்பன் மேசையில வச்ச மருந்தை அவன் எடுத்துக் குடிச்சுட்டா? அவனைப் பலி குடுத்து அவளைக் காப்பாத்துனா நான் யாரு, இந்தக் கோட்டுக்காரனுக்குத் தங்கச்சியா? சொல்லாம இருந்தா அவ போச்சு. சொன்னா இவன் போச்சு. நேத்து இவங்க என் சேலையத் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது சொல்லிட்டேன், நாளைக்கு ஓலைக்கு எழும்பப் போறேன்னு. இஸ்திரிப் பெட்டிய நிறுத்தி நிமித்தி வச்சாங்க. ‘என்னைய என்ன பண்ணப் போற எப்சி?’ன்னாங்க. என்னைய. அந்தப் பிள்ளைய இல்ல, கிப்சனை இல்ல, என்னைய. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டிய எடுத்து, சரி, விடு. ‘உங்கள ஒண்ணும் பண்ணல, நீங்க வாசிங்க, வாசிக்கிறதுதான உங்களுக்குத் தெரியும்’னேன். சார்லஸ் செத்தப்பவும் வாசிச்சாங்களே. இவங்க கூடப் பாடகர் குழுவுல பாடினவர், துபாய்க்குப் போனவர் சவப்பெட்டியில வந்தார். அடக்க ஆராதனைக்கு இவங்கதான் ஆர்கன், ஒரு கட்டை தப்பல. வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவங்க வெளிய வரல, குழாய் ஓடிக்கிட்டே இருக்கு, தொட்டி நிறைஞ்சு தண்ணி வாசல் வழியா வருது. நான் கதவைத் தட்டல. துடைப்பத்த எடுத்துத் தண்ணியத் தள்ளிக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எனக்காக இந்த மனுஷன் ஒரு வாளித் தண்ணி அழ மாட்டாங்களேன்னு. அப்புறம் தோணுச்சு, இவங்களுக்கும் அழுறதுக்கு ஒரு குழாய்ச் சத்தம் வேண்டியிருக்கேன்னு. இது பிறவியா பழக்கமா, சொல்லேன்லே! குழாயத் திறந்து வச்சுக்கிட்டு அழுறது? மோட்டைப் பாத்துக்கிட்டு வாயை மூடிக் கிடக்கிறது? நான் பிறக்கும்போது ஊரே கேக்க வீரிட்டேன்னு எங்கம்மா சொல்லுவா. அப்ப இது பழக்கம்தான். நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க. எனக்கும் இவங்களுக்கும் ஒரே வாத்தியார்.

முடிச்சுட்டான். ரெண்டு கட்சியிலயும் நியாயம் இருக்காம், ஆனா கர்த்தரால மாத்த முடியாதது ஒண்ணுமில்லையாம், குடும்பங்கள்தான் மருத்துவமனைங்களாம். போ, போய் ரயிலப் பிடி. ஐயர் எழும்புதார், அங்கியச் சரி பண்ணுதார், தாளை எடுக்கார். நன்றி சொல்லுதார். ஐக்கிய விருந்துக்கு ஆடு வாங்குற விஷயம். கல்லறைத் தோட்டத்துச் சுவர். காலு எங்க, காலு எங்க, பெருவிரலு. விவாக அறிவிப்பு, மூன்றாம் ஓலை. நமது சபையைச் சேர்ந்த திரு. பொன்னுத்துரை அவர்களின் குமாரன் கிப்சனுக்கும், பின்னால ஒரு வளையல் சத்தம், பெனிட்டா கையாத்தான் இருக்கும், குமாரத்தி பெனிட்டாவுக்கும், சீக்கிரம் சொல்லும் ஐயா, இல்ல மெதுவாச் சொல்லும், விவாகம் நிச்சயிக்கப்பட்டு, பெஞ்சு விளிம்பைப் பிடிச்சுக்கோ, தடை. எழும்பிட்டேன். ஐயா, காலு நிக்கி! வாயத் திறக்கேன். அப்ப பின்னால மழை பெய்யுத மாதிரி ஒரு சத்தம். பெஞ்சு எல்லாம் கிறீச்சுங்குது, சேலை எல்லாம் சரசரங்குது. திரும்பிப் பாத்தா கோயிலே எழும்பி நிக்கி. அட கூறுகெட்ட சனமே! என் முதுகைப் பாத்து எழும்பிட்டாங்க. காணிக்கைப் பாட்டுன்னு நினைச்சுட்டாங்க. ஐயர் தாளையும் பாக்கார் கூட்டத்தையும் பாக்கார், அவருக்கும் ஒண்ணும் ஓடல. கண்ணாடியில பாத்தேன். இவங்களுக்குத் தெரியும். நான் எதுக்கு எழும்பினேன்னு இந்தக் கோயில்லயே இவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். என்னப் பாத்துக்கிட்டே கைய வச்சாங்க கட்டையில. ஆர்கன் முழங்குது. என் தடைக்கு மேல இவங்க பாட்டு.

பாடுதாங்க. எல்லாரும் வாய் நிறையப் பாடுதாங்க. நான் ஒரு வார்த்தை பாடல. மனசுக்குள்ள நான் இவங்களத் திட்டுன திட்டுக்கு இந்தக் கூரை இடிஞ்சு விழுந்திருக்கணும். பேடிப்பய மவனே. இத்தன வருஷம் உன் மானத்த என் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேனே, அதுக்கா இது? காணிக்கைப் பை வருது. என் முன்னால நீட்டிக்கிட்டு நிக்காரு ஒருத்தரு, நான் பேசாம நிக்கேன், அவர் பையை ஒரு ஆட்டு ஆட்டிட்டு நகந்து போறார். அடுத்த சரணம். அடுத்த சரணம். பெனிட்டா குரல் தனியாக் கேக்குது, நல்ல குரல், நான் சொல்லிக் குடுத்த குரல். பாட்டு முடிஞ்சுட்டு. ஆமென் ஆச்சு. உக்காருதாங்க, பெஞ்செல்லாம் திரும்பக் கிறீச்சுங்குது. நான் உக்காரல. நான் உக்காராததப் பாத்துப் பின் பெஞ்சுல நாலஞ்சு பேரு திரும்ப அரையும் குறையுமா எழும்புதாங்க, அவங்களைப் பாத்து இன்னும் கொஞ்சம் பேரு. ஐயோ, சிரிப்பு வருது எனக்கு, பிசாசு சிரிக்கிற சிரிப்பு. ‘எல்லாரும் உக்காருங்க’ன்னேன். என் குரல்தானா? ஒண்ணாம் வகுப்புக் குரல். ‘உக்காருங்க. நான் மட்டும் நிக்கேன். ஐயா, நீங்க தடை கேட்டீங்க. தடை இருக்கு.’

ஐயர் முகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துட்டு. ‘அம்மா, ஆராதனை முடியட்டும், உள்ள அறையில வச்சுப் பேசுவோம்’ங்கார். ஆர்கன் பக்கம் கையக் காட்டுதார், அடுத்த பாட்டு, அடுத்த பாட்டுன்னு. கண்ணாடியில பாத்தேன். இவங்க கை கட்டைக்கு மேல நிக்கி, தொடல, அந்தரத்துல நிக்கி. கண்ணு சிவந்திருக்கு. வாசிங்க பாப்போம். இன்னொரு பாட்டு வாசிங்க. உங்ககிட்ட எத்தன பாட்டு இருக்குன்னு பாத்துருவோம். கை இறங்குது. இறங்கி ஓரமாப் போகுது, சுவிட்சு இருக்க இடத்துக்கு. டக்குன்னு ஒரு சத்தம். ஸ்பீக்கர்ல ஒரு இரைச்சல் எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும், அது நின்னுட்டு. இத்தன வருஷமா அது என் தலைக்குள்ள இரையுதுன்னு நினைச்சிருந்தேன். கைய மடியில வச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சாங்க. அதுக்காக மன்னிச்சேன்னு இல்ல. மன்னிக்கல. ஆனா அந்த அமைதி இவங்க எனக்குக் குடுத்தது, அதையும் சொல்லணும்.

‘என்ன தடை?’ன்னு கேட்டது ஐயர் இல்ல, பொன்னுத்துரை அண்ணாச்சி, எழும்பி நின்னு, மண்டிக் குரல்ல. ‘என்ன தடைன்னு சொல்லும்மா! என் மகன் பேர்ல என்ன குறை?’ எனக்கு அப்பதான் தெரிஞ்சுது எதைச் சொல்லணும்னு. ‘உங்க மகன் பேர்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. என் கதையச் சொல்லுதேன். இதே கோயில்ல எனக்கு ஓலை வாசிச்சாங்க. என் மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லன்னு, மனசு அதுல இல்லன்னு, தெரிஞ்சவங்க அத்தன பேரும் கோயில்ல இருந்தாங்க. தடை உண்டான்னு மூணு தடவை ஐயர் கேட்டார். ஒருத்தரும் எழும்பல. பிறவியோ பழக்கமோ எனக்குத் தெரியாது, கட்டிக்கிட்டு வந்தவ நான், இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, சரியாகல. சரியாகாது. அந்த ஒரு பெஞ்சுல இருந்து ஒரு ஆளு எழும்பியிருந்தா நாங்க ரெண்டு பேருமே பிழைச்சிருப்போம். மாப்பிள்ளைகிட்ட ஒரு தடவை கேளுங்க ஐயா, இஷ்டமான்னு. ஊரெல்லாம் கேக்கீங்க, அவன்கிட்டக் கேக்கல.’ நான் சொல்லி முடிக்கலை, பின்னால ஒரு பெஞ்சு அதிர்ந்துச்சு. பெனிட்டா எழும்பி நிக்கா, அவ அம்மா சேலையப் பிடிச்சு இழுக்கா, அவ திரும்பி ஆம்பளைங்க பக்கம் பாக்கா. ‘கிப்சன்!’ன்னா. அதே சத்தம், சிலேட்டைப் பறிச்சப்போ டீச்சர்னு கூப்பிட்ட சத்தம், ஜன்னல் அதிருது. ‘உங்களுக்கு இஷ்டமா?’ ஆம்பளைங்க பக்கத்துல அவன் எழும்பினான். அவன் அப்பா சட்டைக் கையப் பிடிச்சு உக்காருலே, உக்காருலேங்கார். அவன் உக்காரல. இல்லன்னு தலைய ஆட்டினான்.